பிரிண்டர் இல்லாத வீடு

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் சலேத் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். மடிக்கணினியின் மேல் விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில், கடுகளவு வெளிச்சம். யாருடனாவது வீடியோவில் பேசும்போதுதான் அது எரியும். இப்போது அவள் யாருடனும் பேசவில்லை. திரையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் திறந்திருந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்காக அதை அவள் பிரெய்லுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கணினி ஒரு பெண் குரலில் வரி வரியாக வாசிக்கும், அவள் காதால் பிழை பார்ப்பாள், கை பாட்டுக்குச் சமையலுக்கு ஏதாவது அரிந்துகொண்டிருக்கும். அந்தக் குரல் முக்கோணத்தின் மூன்று பக்கங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, பச்சைப் புள்ளி அவளைப் பார்த்தது, அவள் அதைப் பார்த்தாள், பிறகு, தன்னைக் கண்டுகொண்டாள் என்று தெரிந்ததுபோல, அது அணைந்தது. பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது, யாராக இருக்கும் என்ற கேள்விதான். வாசல் மணி அடித்து ஓடிவிட்ட பிள்ளையைத் தேடி எட்டிப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் தங்கை ரீத்தாவைக் கூப்பிட்டாள். "யார்கிட்டயாவது பேசிட்டு அப்படியே விட்டுட்டியாக்கா?" "இல்லடி." "சரி, மொதல்ல நெட்டை எடு. பட்டன்ல அணைக்காத. அந்த நெட் பெட்டி ஒயரையே சுவத்துலேர்ந்து பிடுங்கு." பிடுங்கினாள். "இப்ப உள்ள ஆள் இருந்தா?" என்று கேட்டாள், தான் கேட்டது அசட்டுத்தனமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே. ரீத்தா சிரிக்கவில்லை. "ஆளு வெளியதான் இருப்பான். உள்ள இருக்கறது அவன் வச்சுட்டுப் போன சாமான். பேக்டோர்ம்போம். கொல்லைக் கதவுதான். முன்வாசல்ல நீ பூட்டு மேல பூட்டாப் போட்டிருப்ப, அவன் பாட்டுக்குப் பின்னால வந்து போயிட்டிருப்பான். முழு ஸ்கேன் போட்டுவிடு, நேரமாகும். எனக்கு மீட்டிங் இருக்கு. சிவப்பா ஏதாவது காட்டினா கூப்பிடு, அதுவரைக்கும் எதையும் அமுக்காத."

எதையும் அமுக்காமல் உட்கார்ந்திருப்பது பெரிய வேலையாக இருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு நகர்வதுபோல நகர்ந்தது, அதற்குக் கீழே பெயர்கள் ஓடின, பெயர்களா அவை, வாயில் நுழையாத எழுத்தும் எண்ணும், இத்தனை பேர் இந்தப் பெட்டிக்குள் குடியிருக்கிறார்களா, இத்தனை நாளாக ஒருவரையும் தெரியாமலா இதன்மேல் கை வைத்து வேலை செய்தோம் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. உரித்த வெங்காயம் கிண்ணத்தில் கிடந்தது, உரிக்காதது முறத்தில் கிடந்தது, கை எதற்கும் போகவில்லை. பார்த்திருந்தால் அவன் எதைப் பார்த்திருப்பான். அவள் நாற்காலியில் குனிந்து, கேமரா இருக்கும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய், திரும்பி அறையைப் பார்த்தாள். எப்போதும் வடக்குப் பக்கமாகவே காற்றை வீசும் மின்விசிறி. பங்குக் கோயில் காலண்டர். மாமியார் இருந்தவரை அவர் படுத்திருந்த கட்டில், இப்போது அதன்மேல் துவைத்த துணி. அதற்கு முன்னால் கீழிருந்து மேலாக ஒரு முகம், தாடையும் மூக்குத் துவாரமுமாக. அந்தக் கோணத்தில் யாருமே நன்றாக இருக்க மாட்டார்கள். இதையா ஒருவன் மெனக்கெட்டுப் பார்த்தான்? அவள் தனியாகப் பேசிக்கொள்வதுண்டு, ஒரு பின்னக் கணக்கைப் பிரெய்லில் எழுதும்போது மேலும் கீழும் எது என்று விரலுக்குப் புரியவைக்க, ஆறு புள்ளிகளையும் வாயால் சொல்லிச் சொல்லிக் காற்றில் குத்துவாள், அதைப் பார்த்தவன் இவளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான். பல் குத்தியதைப் பார்த்திருப்பான். மதியம் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கியதை. அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் வந்து நினைப்பு முள்ளில் துணி மாட்டினதுபோல் நின்றது. அன்றைக்கு அவள் நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டு, இதே நாற்காலியில் உட்கார்ந்து, தூத்துக்குடியில் இருக்கும் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியையோடு பேசினாள். பார்வையற்ற பெண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி. அங்கே கணக்குச் சொல்லித்தர ஆளில்லை, எட்டாவதோடு கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் அங்கேயே தங்கி முதலிலிருந்து தொடங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொன்னாள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது விட்ட வேலை அது. இனி அதெல்லாம் எங்கே என்று இருந்தவளுக்கு, ஒரு வார்த்தையில் மறுபடி ஆசிரியையாகிவிட்டதுபோல் இருந்தது. கணவன் சவரிராஜிடம் சொல்லவில்லை. சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், குழம்பு நன்றாக அமைந்த அன்றைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறக்கும் முன்னே, சோற்றில் மீன் முள்ளை விரலால் தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "தூத்துக்குடியில தண்ணி உப்பா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மீன் தூத்துக்குடி மீனோ என்று அவள் அப்போது தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மீனைப் பற்றிப் பேசுகிறவர் தண்ணீரைப் பற்றி ஏன் பேசுகிறார், அதுவும் திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு, நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் வருவதைப் பிடித்துவைக்கிற ஊரில் இருந்துகொண்டு. அந்த வாக்கியம் அன்றிலிருந்து தொண்டையிலேயே நின்றது. இப்போது பச்சைப் புள்ளியும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அவள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நினைப்பு வேண்டாம் என்பதைக் கேட்கிறதா? தையல் பிரிந்த இடத்திலேயே விரல் போய்ப் போய்த் தடவுவதுபோல அங்கேயே போனது. போன மாதம் கணினியின் கீல் தளர்ந்தபோது அவர்தான் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். ஒரு நாள் முழுக்க அவரிடம் இருந்தது. கடைக்காரனிடம் சொன்னால் செய்து கொடுக்க மாட்டானா? சவரிராஜ் கூட்டுறவுப் பால் நிலையத்தில் பால் பரிசோதிப்பவர். கேனில் வரும் பாலில் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மானியை மிதக்கவிட்டு, குனிந்து, அளவைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிவிடுவார் அல்லது எடுத்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை இல்லாத வீடு, இரண்டே பேர், பேச எவ்வளவோ இடம் கிடக்கிறது, அவர் எதையும் கேட்க மாட்டார். எங்கே போனாய் என்று கேட்டதில்லை, ஏன் அழுதாய் என்று கேட்டதில்லை. கேட்காதது நல்ல குணம் என்று கல்யாணமான புதிதில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். அது எப்போது குறையாகிப்போனது என்று யோசித்தால் நாள் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் பால் நிலையத்தில், வண்டிகள் வந்து போன பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பேசியில் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அந்தக் காட்சி கண்ணில் வந்ததும் உடம்பு சுட்டது. என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், என்னைத் திருடியைப்போல. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா. மாட்டேன்தான், சொல்லாமல்தானே இருந்தேன், இருந்தாலும். கோபம் அப்படியே ஏறிக்கொண்டு போனபோது, அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று அசைவது அவளுக்குத் தெரிந்தது. அது என்ன என்று குனிந்து பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அவர் பார்த்திருந்தால், ஸ்டூலில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் இவளையே பார்த்திருந்தால், அப்போது இவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. அந்த எண்ணம் வந்தபோது கை தன்போக்கில் நெற்றி முடியை ஒதுக்கியது. சீ, என்று வாய்விட்டுச் சொன்னாள். கோபத்துக்குள் இதென்ன. ஆனால் அது போகவில்லை, குளிர்காலத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்த பூனையைப்போல அங்கேயே இருந்தது, கோபமும் இருந்தது, இரண்டும் ஒன்றை ஒன்று விரட்டவில்லை.

திரை சிவந்தது. கோட்டுக்கு மேலே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பெயர். ரீத்தா மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து பேசினாள், பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. "படி." "பிரிண்டர் உதவின்னு இருக்குடி, இங்கிலீஷ்ல." "உங்க வீட்ல பிரிண்டர் இருக்கா?" "எங்க இருக்கு?" "அப்ப அதுக்கு உதவி எதுக்கு? அதான் ஆளு." சலேத்துக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத பிரிண்டருக்கு ஓர் உதவியாளன், கேட்காமலே வேலைக்குச் சேர்ந்து, தினமும் கணினி எழும்போது தானும் எழுந்து, ஒரு நாள் விடுப்பு எடுக்காமல். முதலில் அதை ஒதுக்கி அடைக்கச் சொன்னாள் ரீத்தா. அடைத்தாள். பிறகு, கணினி எழும்போது யார் யாரை எழுப்பவேண்டும் என்று குறித்துவைத்திருக்கும் இடத்துக்கு வழி சொன்னாள். அங்கேயும் அவன் தன் பெயரைப் போட்டுவைத்திருந்தான், செத்தாலும் மறுபடி எழுப்பச் சொல்லி. அதையும் நீக்கினாள். "இப்ப யூசர் பேரெல்லாம் பாரு. உன் பேரைத் தவிர யாராவது இருக்காங்களா?" "ஹெல்ப்னு ஒரு ஆளு இருக்கு." "நீ வச்சியா?" "இல்லடி." "அவனுக்குன்னு தனிச் சாவி செஞ்சு வச்சிருக்கான். எடுத்துரு." எடுக்கும்போது அவள் விரல் தயங்கியது. இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு கவனமாக, ஒரு குடித்தனத்துக்குத் தேவையானதெல்லாம் செய்து வைத்திருக்கிறானே, இந்தத் திறமையை வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லையா இவனுக்கு என்று அவனை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. "எப்ப வந்துச்சுன்னு தெரியுமா?" என்று அவளே கேட்டாள். கீல் சரிசெய்த தேதி அவளுக்குத் தெரியும். ரீத்தா சொன்ன இடத்தில் பார்த்தாள். தேதி அதுவல்ல. அதற்கும் முந்தியது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள். அன்றைக்குச் சவரிராஜ் ஊரிலேயே இல்லை, பயிற்சி என்று ஈரோட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், மறுநாள் கோயிலில் சாம்பல் பூசக்கூட வரவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கணினி அவளிடம்தான் இருந்தது. அவள் மட்டும்தான் இருந்தாள். அவள் என்ன செய்தாள்? எதுவும் செய்யவில்லையே என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். கணினியில் முன்பு வாசித்த பழைய குரலுக்கு ழகரம் வராது, பழம் என்பதைப் பலம் என்று வாசிக்கும். எங்கோ ஒரு தளத்தில் இலவசமாக ஒரு புதுக் குரல் இருந்தது, சுத்தமான தமிழ், பெண் குரல். அன்றைக்கு அதை இறக்கும்போது கணினி ஏதோ கேட்டது, இது யாரென்று தெரியவில்லை, விடவா என்று. விடு என்று அவள்தான் அமுக்கினாள். இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் விடு என்றாள். முக்கோணத்தின் பக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் குரல்தான்.

பார்த்தது அவர் அல்ல. நிம்மதி வந்தது, வந்து நெஞ்சில் மூச்சாக இறங்கியது, ஆனால் முழுதாக இறங்கவில்லை, நடுவில் எங்கோ நின்று, இவ்வளவுதானா என்றது. அவருக்கு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பார்த்தவன் முன்பின் தெரியாதவன், ஒருவேளை தமிழே தெரியாதவன், அவனுக்கு இவள் சலேத் அல்ல, திறந்து கிடந்த ஒரு கதவு, உள்ளே கடவுச்சொல் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவிவிட்டு, ஆறு புள்ளியில் எழுதிய அல்ஜீப்ராவைப் பார்த்து இது என்ன சங்கேதம் என்று விழித்திருப்பான். ரீத்தா விடவில்லை. கைப்பேசியிலிருந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றவைத்தாள், மின்னஞ்சலில் வேறு எங்கிருந்தோ திறந்திருந்தவர்களையெல்லாம் வெளியேற்றவைத்தாள், வங்கிக்குச் சொல்லவைத்தாள். "இதோட ஆச்சுன்னு விடாதக்கா. ஒருத்தன் இவ்ளோ நாள் உள்ள இருந்த பெட்டியை நம்ப முடியாது. உன் கோப்பை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கோ, மிச்சத்தைச் சுத்தமாத் துடைச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம். சாயந்தரம் கூப்பிடறேன்." சலேத் கோப்புகளை எடுத்துவைத்தாள், உரிக்காத வெங்காயத்தை உரித்தாள், குழம்பைக் கூட்டினாள், எல்லாவற்றுக்கும் நடுவே அந்த வாக்கியம் திரும்ப வந்தது. இந்த வழியாக அவருக்குத் தெரியவில்லை என்றால் எந்த வழியாக? தண்ணி உப்பா இருக்கும். யார் சொன்னார்கள்? தூத்துக்குடி விஷயம் ரீத்தாவுக்கே தெரியாது. அந்தக் கள்ளனைக்கூடத் தேதி பார்த்துப் பிடித்துவிடலாம், பக்கத்தில் படுத்திருக்கிற மனிதருக்குள் ஒரு செய்தி எந்த நாளில் வந்தது என்று எங்கே போய்ப் பார்ப்பது. கேட்கலாம். கேட்கலாம் என்பது மனதில் வந்தபோது, இவ்வளவு நேரமும் அது மட்டும் தோன்றவே இல்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சவரிராஜ் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, சட்டையில் பால் வாடையோடு வந்து உட்கார்ந்தார். அவள் காபியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"தூத்துக்குடித் தண்ணி உப்புன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பள்ளிக்கூடத்தம்மாதான். எனக்குப் போன் பண்ணாங்க. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு என் நம்பரக் குடுத்திருக்கியாமே."

கொடுத்திருந்தாள். பழக்கத்தில் கை தானாகக் கொடுத்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஒரு வருஷம் நீ அங்க வந்து தங்க வீட்ல சம்மதமான்னு கேட்டாங்க. வேலைக்கு வர்றது அவ, அவளக் கேளுங்கம்மான்னேன். அப்புறம் வேற என்ன பேசறதுன்னு தெரியல. தண்ணி எப்படி இருக்கும்னு கேட்டேன். உப்பாத்தான் இருக்கும்னாங்க."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்லுவாள் என்று அவர் இருந்தார், கேட்பார் என்று அவள் இருந்தாள், நடுவில் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. மதியம் அவரை எங்கெல்லாம் உட்காரவைத்துப் பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாமா. சொல்லிவிட்டாள், பச்சைப் புள்ளி, பிரிண்டர், ஹெல்ப் என்ற ஆள், கீல் கடை, எல்லாம். "நீங்கதான்னு நெனச்சேன்" என்பதையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து, மடிக்கணினியின் முன் குனிந்து, பால் மானியைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடித் துளையையே பார்த்தார்.

"இதுக்குள்ள இருந்தா பார்த்தான்? இம்புட்டுண்டு இருக்கு."

"ம்."

"என்னத்தப் பார்த்தானாம்?"

"தெரியல. என்னைத்தான்."

அவர் துளையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ரீத்தா கூப்பிட்டாள். சலேத் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் சொன்னபடி ஒவ்வொன்றாக அமுக்க, கடைசியில் கணினி, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா, உறுதிதானா என்று கேட்டது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துவிட்டு அமுக்கினாள். திரை கறுத்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. "இனிமே அது பாட்டுக்கு ஓடும், மாமாவைக் கேட்டேன்னு சொல்லு" என்று ரீத்தா வைத்துவிட்டாள். சவரிராஜ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சுற்றும் வட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். வழக்கமான மௌனம்தான், எப்போதும் அவள் அதை அவருடையது என்றே வைத்திருந்தாள், அவர் வீடு கட்டி வைத்து அதில் தன்னைக் குடிவைத்ததுபோல. பாதிச் செங்கல் தன்னுடையது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அவரை அவள் என்ன கேட்டிருக்கிறாள், சாப்பிட்டாயிற்றா, மழை வருமா, அதற்கு மேல்?

"நான் போறதப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவள் அடுப்படிக்கு எழுந்து போகவில்லை. வேறு பேச்சும் எடுக்கவில்லை.

"வேண்டாம்னுதான் நெனச்சேன்" என்றார், வட்டத்தைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்குச் சாப்பிடும்போது போகாதன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். தண்ணியத்தான் சொல்ல வந்துச்சு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. கன்னத்தில் சவரக்கத்தி பட்ட ஒரு கீறல், காலையிலிருந்து இருந்திருக்க வேண்டும்.

"உங்கள விட்டுட்டுப் போறதுக்காக இல்லங்க" என்றாள். "அங்க பிள்ளைங்க எட்டாவதோட கணக்க விட்டுருதுங்க. பின்னத்த விரல்ல எப்படிப் படிக்கறதுன்னு யாரும் காட்டல. எனக்குக் காட்டத் தெரியும்."

"தெரியும்ல" என்றார் அவர். அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு உள்ளங்கையை மேசைமேல் மலர்த்தி வைத்தார். "எங்க, எனக்குக் காட்டு."

அவள் அவர் சுட்டுவிரலைப் பிடித்தாள். பால் கேன் மூடி திருகித் திருகிக் காய்ப்புக் காய்த்த விரல், புள்ளி தட்டுப்படுமோ என்னவோ. பிரெய்ல் தாள் ஒன்றை எடுத்து வந்து, கண்ணை மூடச் சொல்லி, அரை என்ற எண்ணின்மேல் விரலை மெதுவாக நகர்த்தினாள். "ஒண்ணும் தெரியல" என்றார். "அழுத்தாதீங்க. சும்மா தொடுங்க." மறுபடி நகர்த்தினாள். அவர் நெற்றி சுருங்கியது. மூடிய இமைக்குள் கண் அங்கும் இங்கும் போனது. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் அந்த முகத்தை அவள் பார்த்து வருடங்களாகியிருக்கும்.

"இரு இரு" என்றார், யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல. "ஏதோ இருக்கு இங்க."